சலூன்கடை மலையாண்டியின் தொப்பி

காரைக்குடியில் அறுபதுகளில் முடி வெட்டிக்கொண்டவர்களுக்கு மலையாண்டியைத் தெரியாமல் இருக்க வழியில்லை. பெயர் தெரியாவிட்டாலும் தொப்பியைத் தெரியும். சாம்பல் நிறம், கறுப்பு நாடா, நல்ல கனமான ஃபெல்ட் தொப்பி. அதைப் போட்டுக்கொண்டுதான் காலையில் சைக்கிளில் கடைக்கு வருவார். அதைப் போட்டுக்கொண்டுதான் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவார், மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பார். கடைக்குள் நுழைந்ததும் ஆணியில் மாட்டிவிடுவார். கடையில் தொப்பியோடு அவர் ஒருநாளும் கத்தி பிடித்ததில்லை. வேட்டிக்கு இது பொருந்துமா என்று கேட்ட புண்ணியவான்கள் உண்டு. "அத நீங்கதான் பாத்துச் சொல்லணும். என் தலை எனக்குத் தெரியுமா?" என்பார்.

தொப்பி விஷயத்தில் மனிதர் ரொம்பக் கறார். உச்சியைக் கிள்ளி எடுக்கக் கூடாது, விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். நனைந்தால் வெயிலில் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை இட்லிப் பானை ஆவியில் காட்டி வளைவைச் சரிசெய்வார். அன்றைக்கு இட்லி வேக நேரமாகும் என்று மனைவி அக்கம்மாள் முணுமுணுப்பார். எல்லாவற்றுக்கும் மேலே, போட்டபிறகு அதைத் தொடவே கூடாது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவன் தலையில் அது இரவல் தொப்பியாகத்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

ஒரே ஒரு நேரத்தில் மட்டும் தெருவில் அதைக் கழற்றுவார். கடை வழியாகப் பிணம் போனால் வெட்டிக்கொண்டிருக்கிற முடியை அப்படியே விட்டுவிட்டு, ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, வாசல் படியில் வந்து நின்று, அதைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார். பாடை தெருமுனை திரும்புகிற வரைக்கும் அசைய மாட்டார். நாற்காலியில் பாதித் தலையோடு இருப்பவரும் காத்திருக்க வேண்டியதுதான். கழற்றுவதற்காகவே எடுத்துப் போடுகிறவரை ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாது. பக்கத்துக் கயிற்றுக் கடை சாதிக் அலி சொல்லிச் சிரிப்பார்: "நாங்க மரியாதைக்குத் தலைய மூடுறோம். நீ மரியாதைக்குத் தெறக்குற. போற மய்யித்துக்கு ரெண்டும் கெடைச்சிருதுப்பா."

இது மலையாண்டி ஈப்போவில் கற்றது. பதினேழு வயதில், மாமன் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் கப்பலேறிப் போய், அங்கே ஒரு சலூனில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தார். போன புதிதில் ஒரு மத்தியானம், ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்த கிழவர் ஒருவரின் பாடை அந்தத் தெருவில் போனது. கூட வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. எதிரே பேங்கிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் படியிலேயே நின்று தொப்பியைக் கழற்றினார். ரிக்‌ஷாவில் வந்த சீன முதலாளி வண்டியை நிறுத்தச் சொல்லிக் கழற்றினார்.

மலையாண்டி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவர் பிறந்த வீட்டில் பார்த்தது வேறு. அவருடைய தகப்பனார் செம்மலை ஊர்க் குடிமகன். ஊருக்கெல்லாம் சவரம் செய்வது, சாவு வீட்டில் கொள்ளி வைக்கிறவருக்கு மொட்டை அடிப்பது எல்லாம் அவர் பாடு. தெருவில் பெரிய வீட்டுக்காரர் யார் வந்தாலும், பால்குடி மறக்காத பிள்ளையாக இருந்தாலும், செம்மலையின் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். அதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு ஈப்போத் தெருவின் சட்டம் தித்தித்தது. உயிரோடு இருக்கிற எவனுக்கும் தலை திறக்க வேண்டாம். செத்தவன் எவனாக இருந்தாலும் திறக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளத்தில் தொப்பியை வாங்கினார்.

அறுபத்திரண்டில் திரும்பி வந்தார். நாச்சியாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மாட்டுவண்டியில் பெட்டியை ஏற்றிவிட்டு, பின்னாலேயே நடந்து ஊருக்குள் போனார். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் இன்றும் வருத்தப்பட ஆள் இருக்கிறது. கோயில் முன்னால் பெரிய அம்பலம் நின்றிருந்தார். அம்பலம் என்றால் அங்கே ஊர்த் தலைவர், அவர் சொன்னது சொன்னதுதான். மலையாண்டியை மேலும் கீழும் பார்த்தார். அதட்டவில்லை, அடிக்கவும் ஆள் கூப்பிடவில்லை.

"தொப்பியக் கையில எடுத்துக்கிட்டு நட," என்றார்.

மலையாண்டி கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அதுதான் விஷயம். இரண்டு பேர் பிடித்துப் பிடுங்கியிருந்தால்கூட ஆறியிருக்கும். தன் கையே போய்க் கழற்றியதை அவரால் பொறுக்க முடியவில்லை. தெருக் கோடியில் தகப்பனார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இன்னும் மோசம். மறுநாளே காரைக்குடிக்கு வந்து கடை போட்டார். ஆறு வருஷம் ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. செம்மலைதான் மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து, கடை பெஞ்சில் உட்கார்ந்து, மகன் வேலை பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் போவார். இங்கேயே இருங்கள் என்றால் தலையாட்டிவிட்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

அறுபத்தெட்டு மாசியில் ஒரு காலை, ஊரிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தது. பெரிய அம்பலம் விடியற்காலை போய்விட்டார். சாயங்காலம் எடுக்கிறார்கள். செம்மலைக்கு ஒரு வருஷமாகக் கை நடுக்கம். கத்தி பிடித்தால் நிற்காது. அதனால் மகன் வந்து மொட்டை அடிக்க வேண்டும். வேறு ஊர் ஆளைக் கூப்பிடுவது வழக்கமில்லை. வந்தவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "நீ வராட்டி ஒங்கப்பன்தான் கத்தி பிடிக்கணும். அப்பறம் ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களக் கேக்காத."

அக்கம்மாள் தொப்பியை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "இத வச்சிட்டுப் போங்க. ஒரு நாளுதான."

"ஒரு நாளு கழட்டுனதுக்கே ஆறு வருசமாச்சு."

"மாமா அங்க தனியா இருக்காக. நாளைக்கு அவுகளத்தான் போட்டு வதைப்பாக. ரோசம் ஒங்களுக்கு, அடி அவுகளுக்கா?"

மலையாண்டி வழியொன்று யோசித்து வைத்திருந்தார். ஊருக்குள் போகாமல் கண்மாய்க் கரை வழியாக நேரே சுடுகாட்டுக்குப் போய்விடுவது. மொட்டை அடிப்பதும் அங்கேதான். பாடையைக் கண்டதும், எந்தப் பிணத்துக்கும் செய்வதுபோல், தானாகத் தொப்பியைக் கழற்றிவிடலாம். அதற்குள் யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது. சொல்லுக்கு முன்னால் கை முந்திக்கொள்ள வேண்டும். இதை விளக்கினால் அக்கம்மாளுக்கு எரிச்சல்தான் வரும் என்று கையை மட்டும் நீட்டினார். அவர் தொப்பியைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை.

மூன்றரை மணி வெயிலில் மலையாண்டி கரைமேல் நடந்தார். கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. மறுபக்கச் சரிவில் கருவேல மரங்களுக்கு நடுவே சுடுகாடு. ஊர் ஆண்கள் நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். அவர் கணக்கு தப்பிவிட்டது. பிணம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. விறகுமேல் பெரிய அம்பலம் கிடந்தார், முகம் மட்டும் தெரிந்தது. மலையாண்டி அதைப் பார்த்தார். கை தானாக எழுந்தது.

அது காதுக்கு நேராக வந்தபோது கீழேயிருந்து குரல் கேட்டது.

"தொப்பியக் கழட்டிட்டு எறங்கு."

மெய்யநாதன். அம்பலத்தின் ஒரே மகன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, கொள்ளி வைக்க வேண்டியவர். குளித்து ஈர வேட்டியோடு மணையில் உட்கார்ந்திருந்தார். பாதி எழுந்த கை அப்படியே நின்றது. நூறு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். ஒரு விரற்கடை மேலே போனால் அது அந்தச் சொல்லுக்குப் பணிந்த கை. மலையாண்டி கையை இறக்கினார்.

"கத்தி பிடிக்க வந்திருக்கேன். தொப்பி அதுக்குக் குறுக்க வராதுங்க."

"எங்கப்பா அன்னைக்குச் சொன்னதுதான் இன்னைக்கும். கையில எடுத்துக்கிட்டு எறங்கு. இல்ல, அங்கயே நில்லு."

"நிக்கிறேன்."

இரண்டு பேர் கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். மலையாண்டி தைரியசாலி என்று நான் சொல்ல வரவில்லை. திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாராம். அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து செம்மலை வந்தார். துண்டு இடுப்பில், கையில் கத்தியும் படிகாரமும் வைக்கிற அடைப்பப் பை.

"அவன் அங்குட்டு நிக்கட்டுங்க. நானே செஞ்சிர்றேன். பொழுது போகுது," என்றார், தரையைப் பார்த்தபடி.

கம்புக்காரர்கள் நின்றார்கள். மெய்யநாதன் யோசித்தார். வேண்டாம் என்றால் மலையாண்டியைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதாவது. "செய்யி," என்று தலையைக் குனிந்தார். அதுதான் அவர் செய்த தப்பு. கொள்ளி வைக்கிறவன் தலையில் கத்தி பட்டுவிட்டால், முழுக்க முடியாமல் மணையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பாதித் தலையோடு எழுந்தால் செத்தவருக்கு ஆகாது என்பார்கள். அது தெரிந்துதான் தலையைக் கொடுத்தார்.

செம்மலை தண்ணீர் தெளித்தார். கத்தியைத் தீட்டினார். தீட்டும்போதே கை உதறியது. முதல் இழுப்பு நன்றாக வந்தது. இரண்டாவதில் நெற்றிக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. மெய்யநாதன் பல்லைக் கடித்துக்கொண்டார். நாலாவதில் இன்னொன்று. இரத்தம் புருவத்தில் இறங்கி நின்றது.

"பெருசு, பாத்து," என்றார் யாரோ.

செம்மலை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இப்போது இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின. உச்சி முடிந்து காதுப்பக்கம் வந்தார். கரைமேல் மலையாண்டி முப்பது அடி தள்ளி நின்று அந்தக் கத்தியின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் நரம்பு ஓடுகிற இடம் எதுவென்று அவருக்குத் தெரியும். அங்கே ஒரு பிசகு போதும், சுடுகாட்டில் இரண்டாவது பிணம். அப்புறம் அந்தக் கம்புகள் தகப்பனார்மேல்தான் இறங்கும். ஓடிப்போய்க் கத்தியைப் பிடுங்கிவிடலாம். அதற்குத் தொப்பியைக் கழற்ற வேண்டும். கழற்றித் தொலைத்தால்தான் என்ன? கிழவர் உயிரைவிடவா ஒரு தொப்பி? மலையாண்டியின் கை மறுபடியும் எழுந்தது.

மூன்றாவது வெட்டு காதுமடலில் விழுந்தது. மெய்யநாதன் "ஆத்தா" என்றார். கண்ணைத் திறந்தபோது அவருக்குத் தெரிந்தது கத்தியும், அதைப் பிடித்திருந்த கையும்தான். அந்தக் கை கொடிச்சீலைபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"பெருசு, நிப்பாட்டு." குரல் உடைந்திருந்தது. "மலையாண்டி. வாப்பா. வந்து பிடி."

கையை இறக்கிவிட்டு மலையாண்டி நின்றார்.

"தொப்பியோடயே வாப்பா," என்றார் மெய்யநாதன்.

கூட்டம் விலகியது. மலையாண்டி கரையிறங்கி, விறகுக்கு இரண்டடி தள்ளி, பிணத்தைக் கடந்து நடந்தார். கழற்ற வேண்டிய இடம் அதுதான். இனி யாரும் கழற்றச் சொல்லவில்லை, போட்டுக்கொள் என்றே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நூறு ஜோடிக் கண்கள் அவர் கையை மேய்ந்துகொண்டிருந்தன. இப்போது எடுத்தால் இவர்கள் பத்து வருஷம் இதையே சொல்லிச் சிரிப்பார்கள். கிட்ட வந்ததும் பயந்துவிட்டான் பார் என்பார்கள். எடுக்கவில்லை. பிணத்தின் முன்னால் தொப்பியோடு அவர் நடந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நெஞ்சுக்குள் ஏதோ முறுக்கியது. கோபம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

தகப்பனார் கையிலிருந்து கத்தியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கடையில் ஒருநாளும் செய்யாத மாதிரி, தொப்பியோடேயே தன் கத்தியை எடுத்தார். மீதித் தலையை ஏழெட்டு இழுப்பில் முடித்தார். தொப்பியின் நிழல் மெய்யநாதன் முகத்தில் விழுந்தது. மெய்யநாதன் மூச்சுவிடவில்லை. வெட்டு விழுந்த இடங்களில் படிகாரத்தைத் தேய்த்தபோது மட்டும் கண் கலங்கியது. மறுபடி குளித்து வந்து, குடம் உடைத்து, மெய்யநாதன் கொள்ளி வைத்தார். வைத்துவிட்டு, வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் கண்மாயில் இறங்கி, சிதைக்கு முதுகு காட்டி நின்றார். மற்றவர்களும் குளிக்க இறங்கினார்கள்.

மலையாண்டி தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு கரையேறினார். ஜெயித்துவிட்டார். ஊரே பார்க்க, அம்பலத்தின் மகனே வாய்விட்டுக் கூப்பிட, தொப்பியோடு போய்த் தொப்பியோடு வந்துவிட்டார். நியாயமாகப் பார்த்தால் கால் தரையில் பாவக் கூடாது. அவருக்கோ நடக்கவே முடியவில்லை.

"இன்னைக்கே காரைக்குடிக்கு வந்திருங்கய்யா. இனி இவுகளுக்கு நீங்க பதில் சொல்ல வேணாம்," என்றார்.

செம்மலை கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றார்.

"ஒங்கடை பெஞ்சுல ஒக்காந்து எத்தன பொணத்துக்கு நீ கழட்டிப் பாத்திருக்கேன். பிச்சக்காரன் போனான், அவனுக்கும் கழட்டுன. நீ அப்பிடி நிக்கிறதப் பாக்கத்தான்டா மாசம் தவறாம பஸ் ஏறி வந்தேன்."

செம்மலை இடுப்புத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒன்னய அவுக கழட்ட வைக்க முடியல. சரி. நீயாக் கழட்டுறதையும் கழட்டவிடாமப் பண்ணிட்டாகளேடா."

மலையாண்டிக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. நெஞ்சில் முறுக்கியது கோபமில்லை, வெட்கம் என்று அப்போது தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்பலம் சொல்லிக் கழற்றினார். இன்றைக்கு அம்பலத்தின் மகன் சொல்லிக் கழற்றாமல் இருந்தார். இரண்டு தடவையும் தலை அவருடையது, உத்தரவு வேறொருவருடையது.

"இங்கயே இருங்கய்யா," என்றார்.

"சுடுகாட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாதுடா."

"தெரியும்."

சரிவில் இறங்கினார். தீ நன்றாகப் பற்றியிருந்தது. தண்ணீருக்குள் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். மலையாண்டி அனல் முகத்தில் அடிக்கிற தூரத்தில் நின்றார். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

கண்மாயில் யாரோ சிரித்தார்கள். "மெய்யநாதா, கழட்டிட்டான்டா," என்று ஒரு குரல் கேட்டது. மெய்யநாதன் திரும்பிப் பார்க்க முடியாது, கொள்ளி வைத்தவர். மொட்டைத் தலையில் படிகாரம் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருக்க, அப்படியே நின்றார்.

மலையாண்டிக்கு அந்தச் சிரிப்பு காதில் விழத்தான் செய்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று, விறகு சரிந்து அம்பலத்தின் முகம் மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.